கவிழ்த்துக் கொடுத்த பானைகள்

இராமச்சந்திரன் வாத்தியாருக்கு மீட்டிங் என்றால் உயிர். ஒரு மேசை, அதன்மேல் ஒரு பூப்போட்ட விரிப்பு, வருகிறவருக்கு ஒரு மாலை, இரண்டு கலர் சோடா. இவ்வளவும் அமைந்துவிட்டால் போதும், மனிதருக்குக் குரலே மாறிப்போகும். செஞ்சியில் கோட்டை மதிலையொட்டி இருந்த ஆரம்பப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். கெட்டவரா என்றால், ஐயோ, அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். பிள்ளைகள்மேல் அவ்வளவு பிரியம் வைத்த வாத்தியார் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம், மீட்டிங் எதுவும் போடாமல் தானாக ஆரம்பித்தது. அதை அவரே ஒரு மீட்டிங் போட்டு முடித்துவைத்தார். அப்புறம் போட்ட இன்னொரு மீட்டிங்கில் தொலைத்தது அதைவிடப் பெரிது. நினைக்கும்போதெல்லாம் அவருக்கே அவர்மேல் ஆத்திரம் வரும். வந்து என்ன பிரயோசனம்?

அந்தக் காரியம் மத்தியானச் சோறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போடச் சொல்லி உத்தரவு வந்த புதிது. சர்க்கார் ஒரு பங்கு தரும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் பார்த்துக்கொண்ட அழகைக் கேளுங்கள். மண்டி வைத்திருந்த ஒருவர் பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார். மூட்டைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த மூட்டை தீர்ந்ததும் அடுத்த பொங்கல் வரைக்கும் ஆள் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை. இன்னொருவர் மகன் கல்யாணத்தில் மிஞ்சிய பருப்பை அனுப்பிவைத்தார். சோறு நாலு நாள் இருக்கும், பத்து நாள் இருக்காது. சமையல்கார வள்ளியம்மாள் காலையில் வந்ததும் வாத்தியார் முகத்தைப் பார்ப்பாள். அடுப்பு மூட்டலாமா வேண்டாமா என்று அதிலேயே தெரிந்துகொள்வாள்.

ஜைனர் தெருவில் மல்லாக்கொட்டை வியாபாரம் செய்த ஜினசேனனின் மனைவி லீலாவதிக்குத்தான் அந்த யோசனை வந்தது. வாய்க்காரி. சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுவாள்.

“எங்க வூட்ல உலையில அரிசி போடும்போதே ஒரு பிடி எடுத்துத் தனியா வெச்சுடுவோம் சார், ஆகார தானத்துக்குன்னு. அந்தப் பிடிய உங்க புள்ளைங்களுக்குத் தரேன். ஒரு சின்னப் பானை மட்டும் வாங்கிக் குடுங்க” என்றாள். அப்புறம் விரலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: “ஆனா எடுக்கும்போது வழிச்சு எடுக்கக் கூடாது. அடியில ஒரு பிடி வுட்டுட்டுத்தான் எடுக்கணும். தெரியுதா?”

தெரியாமல் என்ன? அது அவள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் அரிசிப் பானையைத் துடைத்துக் காலி செய்ய மாட்டார்கள். அரிசி தீர்ந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். ‘அரிசி நெறைஞ்சிருக்குது’ என்பார்கள். கேட்கிற புருஷன்தான் புரிந்துகொண்டு கடைக்குக் கிளம்ப வேண்டும்.

வாத்தியார் குயவரிடம் சொல்லி ஒரு பானை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரி வந்து, “லீலாவதி வூட்டுக்கு மட்டுந்தான் பானையா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?” என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்று. பிறகு அடுத்த தெரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு பிடி அரிசி கொடுத்து யாரும் ஏழையாகவில்லை. கொடுக்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் கை தானாக எடுத்துப் போட்டது. அடுப்பு நிற்காமல் எரிந்தது. யாருக்கும் மாலை இல்லை, போட்டோ இல்லை. வாத்தியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

ஒரு நாள் காலனியிலிருந்து மீனம்பாள் வந்தாள். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். மகள் சின்னப்பொண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த புதிது. பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“எல்லாருக்கும் பானை குடுத்தீங்களாமே சார். எங்களுக்கு இல்லியா?”

வாத்தியார் தடுமாறிப்போனார். ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று ஒரு பக்கம் பயம். இவளிடம் போய் எப்படி வாங்குவது என்று இன்னொரு பக்கம் கூச்சம். “உன்னால முடியுமாம்மா?” என்றார்.

“ஒரு பிடிதானே சார்? எம் பொண்ணு துண்றா. நான் போடக் கூடாதா?”

பானை கொடுத்தார். அதைப் பார்த்துக் காலனியில் மற்ற வீட்டுப் பெண்களும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊர் அரிசி மில்லில் தீட்டியது, வெள்ளை வெளேரென்று இருக்கும். காலனிப் பெண்களுக்குக் கூலியாகக் கிடைப்பது நெல். அதை வீட்டு உரலில்தான் குத்துவார்கள். அந்த அரிசி சிவப்பு. இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டி ஒரே அண்டாவில் பொங்கினால், வெள்ளைச் சோற்றில் அங்கங்கே சிவப்புப் பருக்கை தெரியும். பிள்ளைகள் அதை வைத்து விளையாட்டே கண்டுபிடித்தார்கள். “எனக்கு செவப்பு வந்துட்டுது! உனக்கு வந்துதா?” கண் இருக்கிற எல்லாருக்கும் அது எங்கிருந்து வந்த அரிசி என்று தெரியும். எந்த அப்பனும் எந்த ஆத்தாளும் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தார்கள்.

சின்னப்பொண்ணுக்கு அந்தச் சோறுதான் படிப்பு. அவள் அப்பா ஆதிமூலத்துக்கு அவளை மாடு மேய்க்க அனுப்பிவிட வேண்டும் என்றிருந்தது. மேய்க்கிற வீட்டில் மத்தியானம் கூழ் ஊற்றுவார்கள், வீட்டில் ஒரு வயிறு குறையும். அதில் தப்பு சொல்லவும் முடியாது. வாத்தியார் நேரே போய் ஆதிமூலத்திடம் கையடித்துச் சொன்னார். “அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் உம் பொண்ணு மத்தியானச் சோறு என் பொறுப்பு. முடிச்சதும் ஹாஸ்டல்ல சேத்துடறேன். அப்புறம் உனக்கு அவ சோத்துக் கவலையே கிடையாது.” காலனியிலிருந்து அதுவரைக்கும் எந்தப் பெண்ணும் ஐந்தாவது முடித்ததில்லை. சின்னப்பொண்ணு கணக்கில் கெட்டிக்காரி. வாத்தியார் கரும்பலகையில் தப்புப் போட்டால், “சார், சார்!” என்று முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான். அந்தப் பிள்ளையை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று அவர் மனசுக்குள் வைராக்கியமாக வைத்திருந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் யூனியன் ஆபீசிலிருந்து லாரி வந்தது.

லாரி நிறைய மூட்டை. மூட்டை நிறைய மக்காச்சோளத்தில் அரைத்த மஞ்சள் மாவு. பெரிய பெரிய டின்னில் எண்ணெய், டிரம்மில் பால் பவுடர். எல்லாவற்றின்மேலும் இங்கிலீஷ் எழுத்து. வெளிதேசத்துக்காரர்கள் நம் பிள்ளைகளுக்காகக் கப்பலில் அனுப்பிய தானம் என்றார்கள். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் ஊரிடம் கையேந்த வேண்டாம், வெள்ளிக்கிழமை கூடை தூக்க வேண்டாம். அப்புறம் என்ன, மீட்டிங் போட்டார்.

பானைகளை எல்லாம் மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நல்ல எண்ணம்தான். பானைகளைச் சேர்த்துக் கிணற்றடியில் தேய்த்துக் கழுவச் சொன்னார். ஒரு பருக்கை ஒட்டாமல் கழுவி, சுண்ணாம்புப் பொட்டு வைத்து, தூசி விழாமல் இருக்க மேசைமேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்கள். அதைப் பார்த்த வள்ளியம்மாளுக்குப் பதறிவிட்டது.

“சார், ஆளுக்கு ஒரு பிடியாவது உள்ள போட்டுக் குடுங்க சார். அரிசிப் பானைய வெறுசா கவுத்துக் குடுக்கறதா? கேக்கவே நல்லா இல்லியே!”

“அட போம்மா! இனிமே அரிசிக்கு இங்க வேலையே இல்ல” என்று சிரித்தார் வாத்தியார்.

மேடையில் ஒவ்வொரு பெண்ணாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கவிழ்த்த பானையைக் கவிழ்த்தபடியே எடுத்துக் கையில் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. “தாய்மார்களின் பாரம் இன்றோடு இறங்கியது!” என்று மைக்கில் சொன்னபோது அவருக்கே புல்லரித்தது. வாங்கிய பெண்கள் முகத்தில் எந்தப் பாரமும் இறங்கியதாகத் தெரியவில்லை. லீலாவதி மேடையிலேயே பானையை நிமிர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள். கடைசியாகக் கூப்பிட்டது மீனம்பாளை. அவள் பானையைக் கொடுத்தபடியே வாங்கிக்கொண்டு போனாள்.

நாலு வருஷம் ஓடியது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஓடியது. மஞ்சள் மாவு உப்புமாவும் பாலும் சாப்பிட்டுப் பிள்ளைகள் கன்னம் வைத்தார்கள். பெரிய ஆபீசர்கள் வந்து பார்த்து வாத்தியாரைப் பாராட்டினார்கள். சின்னப்பொண்ணு நாலாவது தேறி ஐந்தாவதுக்கு வந்துவிட்டாள். வீடுகளில் இருந்த பானைகள் என்ன ஆயின என்று யார் நினைத்தார்கள்? ஒரு வீட்டில் புளி போட்டு வைத்தார்கள். ஒரு வீட்டில் அடைகோழிக்கு வைத்தார்கள். பாதி உடைந்தே போனது.

ஐந்தாவது வகுப்பு ஆரம்பித்த அந்த ஆனி ஆடியில் லாரி வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை. வாத்தியார் யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். “கப்பல் வரலீங்க, நாங்க இன்னா பண்றது?” என்றார் கிளார்க். இவர் என்ன அந்தக் கப்பலுக்கு மாமனா மச்சானா, போய்க் கூப்பிட? மழையும் பொய்த்த வருஷம். ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்றது. வள்ளியம்மாள் கடைசி மூட்டையை உதறி, வண்டு விழுந்த மாவைச் சலித்து ஒரு வாரம் ஓட்டினாள். அப்புறம் அடுப்பு அணைந்தது.

காலனிப் பிள்ளைகள்தான் முதலில் நின்றார்கள். சின்னப்பொண்ணு மட்டும் விடாமல் வந்தாள். மத்தியானம் மற்ற பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட ஓடும்போது, அவள் பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் புங்கமரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். வாத்தியார் தன் டிபன் கேரியரை நீட்டினால், “பசிக்கல சார்” என்பாள். பசிக்காத பிள்ளைக்குப் பிற்பகல் கணக்கு ஏன் தப்பு தப்பாக வருகிறது?

மீனம்பாள் வந்தாள். பழையபடி வாசலில் நின்றாள்.

“சார், எங்க நாத்தனா அவலூர்பேட்டையில ஒரு கடைக்காரர் வூட்ல வேலைக்கு இருக்கா. இவளையும் அங்க உட்டுடலாம்ன்றா. மூணு வேளை சோறு போடுவாங்களாம். அவங்கப்பன் சரின்னுட்டாரு. வர்ற அமாவாசைக்கு மலையனூருக்கு சாமி கும்புட வர்றா, போம்போது கூட்டிக்கினு போயிடுவா. நீங்க ஏதோ சோறு உங்க பொறுப்புன்னு சொன்னீங்களே, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வேணாம்மா! அமாவாசைக்குள்ள சோறு போட்டுடறேன். இன்னும் ஆறேழு மாசம்தான். அவ அஞ்சாவது முடிச்சுடுவா” என்றார் வாத்தியார்.

“போட்டீங்கன்னா அவ ஏன் போறா?” என்றுவிட்டு மீனம்பாள் போனாள்.

அன்று சாயங்காலமே வாத்தியார் லீலாவதி வீட்டுக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வீடு. அவள் பாத்திரம் கழுவிவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

“ஓகோ! பாரம் எறங்கிப்போச்சுன்னீங்களே சார், மறுபடியும் ஏத்த வந்தீங்களா?” என்று சிரித்தாள். அவர் தலை குனிந்ததைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய் அந்தப் பானையை எடுத்து வந்தாள். அரிசி இருந்தது. “கை கேக்கல சார். உலை வெக்கும்போது தானா ஒரு பிடி எடுக்குது. எடுத்தத திருப்பிப் போட மனசு வரல. நாலு வருஷமா குருவிங்கதான் துண்ணுது. நாளைக்கே ஆள் அனுப்புங்க, எடுத்துக்கினு போகட்டும். ஆனா ஒண்ணு, மத்த வூட்டுக்கும் நீங்களே போயி நில்லுங்க. ஒவ்வொரு வூடா போயி, பொம்பளைங்கள கேளுங்க. மீட்டிங் கீட்டிங் போட்டுறாதீங்க.”

கேட்டாரா மனிதர்? அமாவாசை நெருங்கிவிட்டது, வீடு வீடாக நின்றால் எப்போது முடியும் என்று அவருக்குக் கவலை. ஒரே நாளில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால் வேலை தீர்ந்தது. இப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் மேசை போட்டு, விரிப்பு விரித்தார்.

பெண்களைக் கேட்க வேண்டியதை ஆண்களைக் கேட்டார். அதுதான் முதல் தப்பு. வாசலில் நின்று கேட்டால் ஒருத்தி ஒரு பிடியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். சபையில் கேட்டால் ஆளாளுக்குத் தன் தெருவின் சார்பாகப் பேச வேண்டியிருக்கிறது. பஞ்சாயத்து மெம்பர் அரிகிருஷ்ணன் எழுந்தார். நிலபுலன் உள்ளவர், அதட்டிப் பேசாத மனிதர். அவருடைய பேத்தியும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

“சார் சொல்றது நல்ல காரியம். ஊரு குடுக்கும். இவ்ளோ பஞ்சத்துலயும் குடுக்கும்” என்றார். வாத்தியார் முகம் மலர்ந்தது. “ஆனா முன்ன நடந்தது ஏதோ நடந்துபோச்சு. இப்ப புதுசா, சபையில வெச்சுத் தொடங்கறோம். அந்தப் பக்கத்து அரிசிய இதுல கலக்க வேணாம். அவங்க புள்ளைங்க வரட்டும், தாராளமா சாப்பிடட்டும். யாரு வேணாம்னா? அரிசி மட்டும் வேணாம்.”

கூட்டத்தில் நாலைந்து தலை ஆடியது. அந்தத் தலைகளுக்குச் சொந்தமான பிள்ளைகள் எல்லாரும் ஒரு காலத்தில் சிவப்புப் பருக்கையைத் தேடித் தேடித் தின்றவர்கள். அதை எழுந்து சொல்ல வாத்தியாருக்கு வாய் வந்தது. சொன்னால் கூட்டம் கலைந்துவிடும், அரிசி வராது, அமாவாசை வந்துவிடும் என்று நினைத்தார். பிள்ளை சாப்பிட்டால் போதாதா, அரிசி யாருடையதாக இருந்தால் என்ன என்றும் நினைத்தார். “அப்படியே ஆகட்டும்” என்றார். கைதட்டினார்கள்.

அங்கிருந்து நேரே காலனிக்குப் போனார். நல்ல சேதி கொண்டுபோகிற சந்தோஷம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

“மீனம்பா! இந்த வாரம் அரிசி சேந்துடும், அடுத்த திங்கக்கிழமையிலேர்ந்து சோறு. மறுபடியும் பிடியரிசிதான்!”

மீனம்பாள் முகம் பூராவும் சிரிப்பானது. மறு பேச்சில்லாமல் குடிசைக்குள் போனாள். மூலையில் அந்தப் பானை அவர் கொடுத்தபடியே கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி, வாயால் ஊதி, முந்தானையால் துடைத்தாள். பக்கத்தில் முறத்தில் குத்தி வைத்த சிவப்பரிசி கொஞ்சம் இருந்தது. அந்த வருஷத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாத்தியாருக்குத் தெரியும். அவள் ஒரு பிடியை அள்ளினாள்.

“வேணாம்மா” என்றார் வாத்தியார்.

“இன்னா சார்?”

“இந்தத் தபா காலனிக்குப் பானை வேணாம்னு... உங்களுக்கு எதுக்கு சிரமம்? புள்ளைங்க வந்து சாப்பிட்டாப் போதும்.”

அள்ளிய கை அப்படியே நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். குடிசை வாசலில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணும் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க அரிசி வேணாம். எங்க புள்ளைங்க வாய் மட்டும் வேணுமா?” என்றாள் மீனம்பாள். சத்தம் போடவில்லை. “அப்ப நானும் போட்டேன். எம் பொண்ணு தட்ட நீட்டிச் சோறு வாங்கனா. யாருக்கும் தலை குனியல. அந்த மஞ்ச மாவு எவன் குடுத்தானோ, அவன் நம்ம எல்லாருக்கும் சேத்துக் குடுத்தான், அதுவும் சரி. இப்ப ஊரே போட்டு, நாங்க மட்டும் சும்மா துண்றதா? அவலூர்பேட்டையில பாத்திரம் தேச்சிட்டுத் துண்ணுவா சார். அது எவ்ளோ மேலு.”

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். ‘போடும்மா, நான் கலந்துக்கறேன்’ என்று சொன்னால் போதும். அது அவர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இப்போதுதான் சபையில் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், கைதட்டல் சத்தம்கூட இன்னும் காதை விட்டுப் போகவில்லை. “அவசரப்படாதம்மா, பேசிக்கலாம்” என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். முறத்தில் அரிசி விழுந்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பேசிக்கொள்ள அவர் திரும்பப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று அந்த வாரத்தைக் கடத்தினார். பத்து தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார், காலனிப் பக்கம் கால் போகவில்லை. பயம்தான், வேறென்ன? அமாவாசை வந்தது. மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்கள் ஜனத்தை அடைத்துக்கொண்டு போயின, திரும்பின.

திங்கட்கிழமை அடுப்பு எரிந்தது. சோறு வெள்ளை வெளேரென்று வெந்தது. நின்றுபோயிருந்த காலனிப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வள்ளியம்மாள் பள்ளிக்கூடத்து மூலையில் அடுக்கியிருந்த அலுமினியத் தட்டுகளை எடுத்து வரிசையாகப் போட்டாள். ஒரு தட்டுக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை.

“மீனம்பா பொண்ணு நேத்தே பஸ் ஏறிடுச்சு சார்” என்றாள் வள்ளியம்மாள். “தட்டக்கூட எடுத்துக்கினு போகல பாருங்க.”

வாத்தியாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளி விட்டதும் காலனிக்கு ஓடினார். இவ்வளவு நாள் எடுத்துவைக்க முடியாத காலை அன்றைக்கு எப்படி எடுத்துவைத்தாரோ! மீனம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“அவளக் கூட்டிக்கினு வந்துடும்மா. பானைய எடு. நான் கலக்கறேன். யாரு என்ன சொன்னாலும் கலக்கறேன்.”

“அவங்கப்பன் வாக்குக் குடுத்துட்டாரு சார். அங்க மூணு வேளை சோறு. இங்க ஒரு வேளை, அதுவும் எப்ப நிக்குமோ யாருக்குத் தெரியும்? ஒரு தபா நின்னுது. இனிமே எத நம்பி கூப்புடறது?”

நின்றுகொண்டே இருந்தார். போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. மீனம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“மத்த புள்ளைங்க இருக்குதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூலையிலிருந்த பானையை எடுத்து, ஒரு பிடி இல்லை, முறத்தில் இருந்ததில் பாதியை அதில் கொட்டி அவர் கையில் கொடுத்தாள். வாத்தியார் அதைத் தன் மேல்துண்டில் கொட்டிக்கொண்டார். கொட்டும்போது அடியில் ஒரு பிடி விட்டுக் கொட்டினார். பானையை நிமிர்ந்தபடி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவர் யாரையும் கேட்கவில்லை. துண்டோடு கொண்டுபோய் வள்ளியம்மாள் களைந்துகொண்டிருந்த அரிசியில் கொட்டினார். அவள் அரிசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துக் களைந்து உலையில் போட்டாள்.

அன்றைக்குப் பார்த்து மெம்பர் அரிகிருஷ்ணன், ஊர் கொடுத்த சோறு எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தார். பேத்திக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு வாய் போடும்மா, ருசி பாக்கறேன்” என்றார். வள்ளியம்மாள் மிச்சமிருந்த ஒரே தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்துச் சோறு போட்டாள். தட்டின் விளிம்பில் ஆணியால் கீறிய ‘சி’ வாத்தியார் கண்ணில் பட்டது. ஒன்றாம் வகுப்பில், தட்டு மாறிப்போகாமல் இருக்க அவரே கீறிக் கொடுத்த எழுத்து.

“தாத்தா, உனக்கு செவப்பு வந்துக்குது!” என்றாள் பேத்தி. அவள் அண்ணன்மார் வீட்டில் சொல்லித்தந்த பழைய விளையாட்டு.

அரிகிருஷ்ணன் குனிந்து தட்டைப் பார்த்தார். வெள்ளைச் சோற்றில் சிவப்புப் பருக்கைகள் நன்றாகவே தெரிந்தன. நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாரும் பார்வையை விலக்காமல் நின்றார். சுற்றிலும் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள். அவர் குனிந்து சாம்பாரைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு கவளம் போட்டுக்கொண்டார்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் வாத்தியார் பயந்து செத்தது இந்த உப்புக்குத்தான். சபையில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், குடிசையில் அந்தக் கையைத் தடுக்காமல் இருந்திருந்தால், ஒரே ஒரு வாரம் முன்னால் இந்தத் துண்டை விரித்திருந்தால், இந்தத் தட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் வேறு. அவள் இப்போது அவலூர்பேட்டையில் யார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிறாளோ? அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மெம்பர் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார். வள்ளியம்மாள் தட்டை எடுக்க வந்தாள். “இரும்மா, நான் கழுவறேன்” என்று வாத்தியார் வாங்கிக்கொண்டார். கிணற்றடியில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மற்ற தட்டுகளோடு அடுக்காமல் தன் மேசைமேல் கொண்டுபோய் வைத்தார். மணி அடித்தது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு.

கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். தப்பாகப் போட்டுவிட்டார். யாரும் எழுந்து நிற்கவில்லை.